அடித்தளிர்

செடி வாங்க வருகிறவர்களிடம் நோயல் ஒரே ஒரு விதியைத்தான் வற்புறுத்துவார்: ஒட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் கட்டைவிரலால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். கத்தியால் வெட்டக் கூடாது. வெட்டினால் அடிக்கணு மிஞ்சி, ஒன்று வந்த இடத்தில் இரண்டு வரும். கீழே வருவது வேர்ச்செடியின் சொந்தத் தளிர். அதை வளரவிட்டால், மேலே ஒட்டியிருக்கும் பீச் பழச்செடியைப் பட்டினி போட்டே சாகடித்துவிடும்.

பங்காருபேட்டைக்கு அருகில் பழத்தோட்டம் வைத்திருக்கும் ராஜப்பா இதை ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார்.

“சார், இது உங்களுக்கு ஜெபம் மாதிரி ஆயிடுச்சு,” என்றார் ஒருமுறை. “செடிய வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ சொல்லியே ஆகணும்.”

“போன வருஷம் குடுத்த செடியில கீழ வந்தத தேச்சீங்களா?”

“இல்லே.”

“அப்போ இன்னொரு தடவ சொல்றேன், கேளுங்க.”

கொட்டகைக்குள்ளிருந்து நோயலின் மனைவி எலைன் சிரித்தாள். “விடுங்க ராஜப்பா. எனக்கே தினம் சொல்றாரு. கண்ணு வைக்கிறவளே நான்தான்!”

அது உண்மை. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில், அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்த நாற்றுப்பண்ணையில் வேர் நோயலின் பொறுப்பு. கண் எலைனின் பொறுப்பு. டிசம்பரில் இலை உதிர்ந்ததும் நோயல் தம்முடைய தாய்ச்செடிகளிலிருந்து பென்சில் கனத்தில் குச்சிகளை வெட்டி, அடியை வேர்விடும் பொடியில் தோய்த்து, மணற்பாத்தியில் நடுவார். விதையிலிருந்து முளைப்பவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்தோடு வளரும். குச்சியிலிருந்து வேர்விட்டவை அப்படியல்ல. அவை பல பைகளில் நிற்கும் ஒரே செடி. வேர்முடிச்சுப் புழு தாக்காத ஒரு செடியைக் கண்டுபிடித்துவிட்டால், அதையே எத்தனை ஆயிரமாகவும் பெருக்கிக்கொள்ளலாம். சுவருக்கு அப்பால், மூடப்பட்ட தங்கச் சுரங்கத்தின் வெள்ளை மணல்மேடு நின்றது. காற்றடித்தால் அந்தத் தூள் இலைகளின் மேல் படியும். அதைக் கழுவிவிடுவது தினசரி வேலைகளில் ஒன்று.

ஆகஸ்டில் தண்டு தடித்த பிறகு வேலை எலைனின் கைக்குப் போகும். பழமரத்தின் இலைக்கக்கத்தில் இருக்கும் சிறு மொட்டை, அதாவது கண்ணை, நகத்தளவு பட்டையோடு சீவி எடுப்பாள். வேர்ச்செடியின் பட்டையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நெடுக்காக ஒன்றும் குறுக்காக ஒன்றுமாகக் கீறி, பட்டையை நெகிழ்த்திக் கண்ணை உள்ளே செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்குவாள். அவள் இடதுகைக்காரி. ஆகவே அவளுடைய குறுக்குக் கீறல் வலப்பக்கம் சற்றே சரிந்திருக்கும். நோயல் அதைப் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிந்த கீறலில் வைத்த கண்கள் எப்போதும் பிடித்துவிட்டதால், அவரால் அதைப் பிழை என்று நிறுவ முடிந்ததில்லை.

எலைனுடைய அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் ஓர் அதிகாரியின் கார் ஓட்டுநராக இருந்தவர். அந்த அதிகாரியின் பங்களாவுக்குப் பின்னால் ஒரு பீச் மரம் நின்றது. சுரங்கம் மூடப்பட்டு, பங்களாவின் கூரையும் கதவும் போன பிறகும் மரம் மட்டும் மே மாதந்தோறும் காய்த்தது. பழம் சிறியது, உள்ளே வெள்ளை, வாசனையோ அறையை நிறைத்துவிடும். ஆனால் தோல் மெலிது. கூடையில் வைத்து ரயிலில் ஒரு நிலையம் கடப்பதற்குள் கன்றிவிடும். எலைன் ஒவ்வோர் ஆகஸ்டிலும் அந்த மரத்திலிருந்து ஒரு வரிசை கண் வைக்கலாமா என்று கேட்பாள். விற்காத செடிக்கு எதற்குப் பை என்று நினைத்துக்கொண்டு, நோயல் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். மரம் எங்கும் போய்விடப் போவதில்லை என்பது அவருடைய கணக்கு.

போன ஆகஸ்டில் பெய்த மழையில் அது வேரோடு சாய்ந்தது.

செய்தி அவர்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. எலைனுக்கு அப்போது பெங்களூரில் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. இரண்டு ஊசிகளுக்கு இடையில் வீட்டுக்கு வந்திருந்தாள். மருந்தினால் விரல்நுனிகளில் உணர்ச்சி போயிருந்தது. ரவிக்கை ஊக்கு மாட்டக்கூட எதிர்வீட்டுப் பாப்பம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த விரல்களோடுதான் ஆட்டோவில் போய், சாய்ந்து கிடந்த மரத்தில் வாடாமல் எஞ்சியிருந்த குச்சிகளைத் தேர்ந்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்தாள்.

“நான் வைக்கிறேனே,” என்றார் நோயல்.

“நீங்க வேர பாருங்க.”

“விரல் மரத்துப்போயிருக்குன்னு நீதானே சொன்னே?”

“விரலுக்குத்தான் மறந்துபோச்சு. எனக்கு மறக்கல. பைய திருப்புங்க.”

நோயல் பைகளைத் திருப்பிக் கொடுத்தார். சுவரோரமாக நின்ற வரிசை முழுவதற்கும் எலைன் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கண் வைத்தாள். நடுவில் இரண்டு முறை கத்தி நழுவியது. பட்டை கிழிந்ததை நோயல் பார்த்தார். பார்க்காதவர்போல அடுத்த பையை எடுத்து வைத்தார். மிஞ்சிய குச்சிகளை அவள் மறுபடியும் ஈரத்துணியில் சுற்றி ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தாள்.

கண் பிடித்ததா இல்லையா என்று அறிவதற்கு ஓர் எளிய வழி உண்டு. கண்ணோடு சேர்ந்திருக்கும் இலைக்காம்பின் மிச்சத்தை விரலால் தொட வேண்டும். தொட்டவுடன் உதிர்ந்தால் கண் உயிரோடு இருக்கிறது. காய்ந்து, விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் செத்துவிட்டது.

மூன்று வாரங்கள் கழித்து நோயல் அந்த வரிசையைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுகூட உதிரவில்லை. குச்சி வாடியிருந்ததா, கை நடுங்கியதா என்று அவர் ஆராயவில்லை. எலைன் ஆராய்வாள் என்பது அவருக்குத் தெரியும். எனவே காய்ந்த காம்புகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார்.

“காம்பு இன்னா ஆச்சு?” என்றாள் எலைன்.

“விழுந்துச்சு.”

“தொட்டதுமா?”

“தொட்டதும்.”

எலைன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். “அப்போ கை இன்னும் கீது,” என்றாள்.

அதன்பின் நோயல் அந்த வரிசைப் பக்கம் போகவில்லை. போகவும் நேரம் வாய்க்கவில்லை. மறுவாரம் ராஜப்பாவுக்கு ஒரு வண்டிச் செடி கொண்டுபோனார். அதற்கடுத்த வாரம் இருவரும் பெங்களூரில் மகள் டீனாவின் வீட்டுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிக்கும் டீனாவின் வீட்டுக்குமாக இரண்டு மாதங்களுக்கு மேல் கழிந்தன. பண்ணைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பாப்பம்மா ஏற்றுக்கொண்டாள். டிசம்பர் நடுவில் எலைன் இறந்தாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கிய தெருவின் வழியாக அவளைச் சாம்பியன் ரீப்ஸ் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் பாப்பம்மாவின் மகள் ஷில்பாவுக்குக் குறைப்பிரசவம் என்று முளபாகலிலிருந்து போன் வந்தது. பாப்பம்மா சொல்லிக்கொள்ளக்கூட வராமல் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போனாள்.

ஜனவரியில் நோயல் மறுபடியும் பண்ணைக்குள் நுழைந்தபோது, சுவரோர வரிசையில் ஒரு செடியின் அடித்தண்டில், மண்ணை ஒட்டினாற்போல், ஒரு பூ பூத்திருந்தது. இளஞ்சிவப்பு, ஐந்து இதழ். வேர்ச்செடி இத்தனை சிறிய வயதில் பூக்காது. ஆனால் தண்ணீர் குறைந்து வாட்டம் கண்ட செடி சில சமயம் அகாலத்தில் பூத்துவிடும் என்று அவர் படித்திருந்தார். அந்த விளக்கம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. பூவைக் கிள்ளிக்கொண்டுபோய், எலைனுடைய படத்துக்கு முன்னால் ஒரு டம்ளரில் வைத்தார். அது இரண்டு நாள் இருந்தது.

பிப்ரவரியில் எல்லா வரிசைகளும் துளிர்த்தன. சுவரோர வரிசையில் மேலே வைத்த கண்கள் செத்துப்போனவை என்பதால் நோயல் அவற்றை வெற்று வேர்ச்செடிகளாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார். அடுத்த பருவத்தில் அவற்றில் ராஜப்பா கேட்டிருந்த ரகத்தை ஒட்டலாம். அதற்கு அடித்தண்டு சுத்தமாக இருக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமைதோறும் பைகளுக்குப் பின்னால் கையைவிட்டு, ஒரு சாண் உயரம்வரை கட்டைவிரலை ஓட்டினார். பார்க்கத் தேவையில்லை, பார்க்காமலே செய்துவிட முடிவதுதான் அவருடைய இத்தனை வருடத் தேர்ச்சி. சுவர்ப்பக்கத்தில், மண்ணுக்குச் சற்று மேலே, ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஒவ்வொரு செடியிலும் ஒரு தளிர் விரலில் இடறியது. கொழுத்த, முரட்டுத் தளிர். தேய்த்து எடுத்தார். அடுத்த சனிக்கிழமை சில செடிகளில் அதே இடத்தில் இன்னொன்று வந்திருந்தது. அதையும் எடுத்தார். மூன்றாவது முறைக்குப் பிறகு அந்த இடத்தில் வரவில்லை; தண்டின் மற்றப் பக்கங்களில் வந்தவற்றை வாராவாரம் எடுத்துவந்தார்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம், ஒரு சனிக்கிழமை, பாப்பம்மா ஊரிலிருந்து திரும்பினாள். கையில் ஒரு பை மாங்காயோடு பண்ணையின் படலைத் திறந்தவள், உள்ளே நுழையும்போதே கேட்டாள்:

“அண்ணா, அக்கா கீழ வச்ச கண்ணெல்லாம் இப்போ இன்னா உயரம் கீது?”

நோயல் நிமிர்ந்தார். “எந்தக் கண்ணு?”

பாப்பம்மா சிரித்துவிட்டாள். “பாத்தீங்களா! அக்கா சொன்ன மாதிரியே. ‘உங்க அண்ணனுக்கு எதிர்ல வச்சாலும் தெரியாது பாப்பம்மா, இலை வந்தாத்தான் தெரியும்’னாங்க.” மாங்காய்ப் பையை இறக்கி வைத்துவிட்டு, கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். “நீங்க ராஜப்பாவுக்கு லோடு எடுத்துனு போனீங்களே, அன்னிக்கு. அக்கா என்னைக் கூப்ட்டாங்க. மேல வச்ச கண்ண எல்லாம் நகத்தால கீறிப் பாத்தாங்க. எல்லாம் கறுப்பு. ‘எனக்காகப் பொய் சொல்லிக்கிறாரு பாரு. அதையாச்சும் ஒழுங்கா சொல்றாரா? காம்ப எல்லாம் கையால பிச்சிப் போட்டுக்கிறாரு’ன்னு ஒரே சிரிப்பு.”

நோயல் சுவரோர வரிசையின் பக்கம் திரும்பினார்.

“ஐஸ்பெட்டியில இருந்த குச்சிய எடுத்துனு வான்னாங்க. ஸ்டூல்ல ஒக்காந்தா கை எட்டல, குனியவும் முடியல. அப்புறம் இன்னா பண்ணாங்க தெரியுமா, தரையிலயே ஒக்காந்துட்டாங்க. செவுத்துப் பக்கமா, மண்ணுக்கு ரெண்டு வெரக்கட மேல. செத்த கண்ணுக்கு நேரா வைக்கக் கூடாதாமே, பின்னாடிதான் வைக்கணுமாமே? நான் கொடை புடிச்சுனு நின்னேன். நடுவுல ரெண்டு தடவ வாந்தி எடுத்தாங்க. விடுக்கா, போதும்னேன். கேட்டாத்தானே!”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அவங்க சொல்ல வேணாம்னாங்க. ‘அவரு புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாரு. அத நெசமாக்கிட்டா போச்சு. நீ வாயத் தொறந்தே, உன்ன இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது’ன்னாங்க.” பாப்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணி நாடாவ அறுத்துடுன்னாங்க. அறுத்தேன். ஒவ்வொரு காம்பா தொட்டேன் அண்ணா. தொடக்கூட இல்ல, வெரல் கிட்ட போனாலே விழுந்துச்சு. ஒண்ணுகூட நிக்கல. போன்ல சொன்னேன். அக்கா அந்தப் பக்கம் அழுதாங்களா சிரிச்சாங்களா தெரியல. அப்புறம், ‘கை கீது பாப்பம்மா’ன்னாங்க.”

படலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள். அந்தச் சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது. நோயலுடைய வலது கட்டைவிரல் பச்சைச் சாறு படிந்து ஈரமாக இருந்தது. அன்று காலையும் அவர் அந்த வரிசையை முடித்திருந்தார்.

“சாவு வீட்லயே சொல்லிடலாமான்னு பாத்தேன்,” என்றாள் பாப்பம்மா. “அக்கா வாங்கின சத்தியமாச்சே, எல வந்து நீங்களா பாக்கணும்னு ஆசப்பட்டாங்களேன்னு விட்டுட்டேன். வந்துச்சா அண்ணா?”

ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அடக்கத்தன்றோ, பஸ் ஏறும் முன்போ, முளபாகலிலிருந்து போனிலோ, ஒரே ஒரு சொல். அந்தப் பழிச்சொல் நோயலின் நாக்குநுனிவரை வந்தது. வாளியின் மேல் உட்கார்ந்திருந்த பாப்பம்மா, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய ஒருத்திக்கு உரிய முகத்தோடு அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துச்சு,” என்றார் நோயல்.

“எல்லாமா?”

“எல்லாம்.”

“எனக்குத் தெரியும்ணா!” அவள் எழுந்துவிட்டாள். “காட்டுங்க.”

“இப்போ வேணாம் பாப்பம்மா. தளிர் பிஞ்சா கீது. கை பட்டா ஒடிஞ்சிடும். மழை வரட்டும்.”

அவள் போன பிறகு அவர் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு சுவருக்கும் பைகளுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தார். செடிகளின் பின்பக்கத்தை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வெள்ளைத் தூள் கரைந்ததும் கீறல்கள் தெரிந்தன. நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று, வலப்பக்கம் சரிந்து. ஆறிய தழும்பின் நடுவில் எலைன் செருகிய பட்டைத்துண்டு வேர்ச்செடியோடு முழுவதுமாக ஒன்றியிருந்தது. ஓரம் எங்கும் பிளவில்லை. ஒன்றை நகத்தால் கீறினார், பச்சையாக இருந்தது. பட்டைக்கு உயிர் இருந்தது. நடுவில் கண் இருந்த இடம் மட்டும் வழுவழுவென்று, அவருடைய வேலைக்கே உரிய சுத்தத்தோடு இருந்தது.

தண்டை ஒட்டிப் பூத்த அந்தப் பூ நினைவுக்கு வந்தது. பீச்சில் இலைமொட்டை ஒட்டியே பூமொட்டும் அமைவதுண்டு. அதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அந்த வாரமே தழும்புகளுக்குச் சற்று மேலே எல்லாத் தண்டுகளையும் வெட்டினார். தலை போனால் செடியின் வேகமெல்லாம் அடிக்கு இறங்கும், கண் போன பட்டைக்குள்ளும் உறங்கும் மொட்டு ஒன்று எப்போதாவது மிஞ்சியிருக்கும், அது விழித்துக்கொள்ளலாம். எப்போதாவது என்பதன் அளவு அவருக்குத் தெரியும். இருந்தும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். மே மாதத்தில் தளிர்கள் ஏராளமாக வந்தன. இம்முறை எதையும் தேய்க்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று நிச்சயமாகத் தெரியாத ஒவ்வொரு தளிரையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். நந்திதுர்க் மரத்தின் இலையடியில் இருக்கும் சிறு சுரப்பிகள் அவரைவிதை வடிவம், வேர்ச்செடியினுடையவை உருண்டை. வரிசையின் கடைசிவரை பார்த்தார். எல்லாம் உருண்டை.

மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

பங்களா இருந்த இடத்துக்கும் ஒருமுறை போனார். சாய்ந்த மரத்தை யாரோ விறகுக்கு எடுத்துப்போயிருந்தார்கள். வேர் பெயர்ந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. டீனா போன் செய்தபோது, பண்ணை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றார். பண்ணை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

ஜூலையில் முதல் நல்ல மழை விட்ட மறுநாள் பாப்பம்மா வந்தாள். இடுப்பில் பேரன், ஷில்பாவின் மூத்த பையன், இருந்தான். சுவரோர வரிசை அவள் இடுப்பளவு வளர்ந்து புதராகப் பொங்கியிருந்தது. அவள் படலருகிலேயே நின்றுவிட்டாள்.

“ஐயோ அக்கா,” என்றாள். “இவ்ளோவா!”

பக்கத்தில் போய் இலைகளைத் தடவினாள். பேரனின் கையைப் பிடித்து அவனையும் தடவவைத்தாள். “எலைன் ஆயா வச்சதுடா கண்ணு,” என்றாள் அவனிடம். பிறகு நோயலின் பக்கம் திரும்பினாள். “அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு எனக்குத் தர்றீங்களா? வாசல்ல வைக்கிறேன். அக்கா கையால வச்சது எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

தாம் சொன்ன பெயருக்கு மாறான ஒரு செடியை நோயல் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. சந்தேகம் வந்தால் வரிசை முழுவதையும் பிடுங்கி எரித்திருக்கிறார். ராஜப்பா இதற்காகவே மற்றப் பண்ணைகளைத் தாண்டி அவரிடம் வந்தார். இந்தச் செடி மூன்று வருடங்களில் காய்க்கும்; காய் கோலிக்குண்டு அளவில், கசந்து, விதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நந்திதுர்க் பழத்தைப் பாப்பம்மா எலைனிடமிருந்து பலமுறை வாங்கித் தின்றிருக்கிறாள்.

அவர் வரிசையில் நன்றாக வளர்ந்த ஒன்றைத் தேர்ந்து, பையைத் துடைத்து, வெளியே எடுத்து வைத்தார்.

“பேரு எழுதிக் கட்டிக் குடுங்கண்ணா. மத்தவங்களுக்கு எழுதிக் குடுப்பீங்களே, தகட்டுல.”

நோயல் கொட்டகைக்குள் போய் ஓர் அலுமினியத் தகட்டை எடுத்துவந்தார். வழக்கமாக அதில் முதல் வரியில் பழத்தின் ரகத்தையும் இரண்டாவது வரியில் வேர்ச்செடியின் ரகத்தையும் எழுதுவார். முதல் வரியில் எலைன் என்று எழுதினார். இரண்டாவது வரியை விட்டுவிட்டார். தண்டு தடிக்க இடம்விட்டுக் கம்பியைத் தளர்வாகக் கட்டினார். எவ்வளவு ஆழம் குழி வேண்டும், எத்தனை நாளுக்கொருமுறை தண்ணீர் வேண்டும் என்று சொன்னார். பாப்பம்மா பேரனை இறக்கிவிட்டுப் பையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டாள். இலைகள் அவள் முகத்தை மறைத்தன. படல்வரை போனவள் நின்றாள்.

“அண்ணா, ஒண்ணு சொல்ல மறந்துட்டீங்களே. எல்லார்கிட்டயும் சொல்வீங்களே அது. கீழேர்ந்து வர்ற தளிர கட்டவெரலாலதானே தேய்க்கணும்?”

நோயல் போய் அவளுக்காகப் படலைத் திறந்து பிடித்தார்.

“வேணாம் பாப்பம்மா,” என்றார். “எதையும் தேய்க்காத. இதுல எது வந்தாலும் விட்டுடு.”